இலங்கை நம்மைவிடச் சிக்கனமா? ஐஸ் கம்பெனி மீட்டர் சொல்லும் கணக்கு

ஒவ்வொரு நாடும் ஆயிரம் டாலர் உற்பத்திக்கு எவ்வளவு எரிசக்தி செலவழிக்கிறது என்று சென்ற இதழில் ஒரு சிறு பட்டியல் போட்டிருந்தோம். இலங்கையின் எண் இந்தியாவின் எண்ணைவிடக் குறைவு என்று அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

இலங்கைக்காரர்கள் நம்மைவிட மின்சாரத்தையும் எரிபொருளையும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? கருத்தரங்கில் பேச வேண்டியிருக்கிறது. – கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

அந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசிவிடாதீர்கள். அதில் இருந்தது எரிசக்திச் செறிவு. ஒரு வருடத்தில் நாடு முழுவதும் எரித்த நிலக்கரி, டீசல், எரிவாயு, விறகு, நீரிலும் காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, அந்த வருடத்து உற்பத்தி மதிப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். வகுபடும் இடத்தில் எரிபொருள் இருக்கிறது, வகுக்கும் இடத்தில் பணம் இருக்கிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்பது இந்த இரண்டிலும் நேரடியாகத் தெரியாது.

முதலில் செய்யும் வேலையைப் பாருங்கள். எஃகிலும் சிமென்டிலும் சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் செய்வது இந்தியா. தாதிலிருந்து ஒரு டன் எஃகு எடுக்க நம் பெரிய ஆலைகளில் ஏறக்குறைய 60 லட்சம் கிலோ கலோரி வெப்பம் வேண்டும். இலங்கையில் இரும்புத் தாது உருக்கும் ஊதுலையே கிடையாது. தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வணிகம் என்று அவர்கள் பிழைப்பு வேறு. கொழும்பில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பினால், அதன் கம்பிக்கான உருக்கு பெரும்பாலும் வேறு நாட்டில் உருகி, அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறியிருக்கும். இரும்பு அடிக்கிறவர் வீட்டுக் கரிச் செலவையும் பூக்கட்டுகிறவர் வீட்டுக் கரிச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போன்றது இது.

அடுத்தது பணம். 2022-ல் சில மாதங்களுக்குள் இலங்கை ரூபாய் ஒரு டாலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்தது. அந்தந்த வருடச் சந்தை டாலரில் கணக்குப் போட்டால், எந்த இயந்திரமும் மாறாமலே அந்த நாட்டின் செறிவு திடீரென்று மோசமானதுபோல் தெரியும். அதனால்தான் வாங்கும் திறனைச் சரிக்கட்டிய, விலைவாசி நீக்கிய டாலரில் கணக்கிடுகிறார்கள். நீங்கள் எடுக்கும் அட்டவணை எந்த டாலரில் இருக்கிறது என்று அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். இரண்டு அட்டவணைகளிலிருந்து ஆளுக்கொரு எண் எடுத்து ஒப்பிட்டால் பேச்சு முழுவதும் தவறாகிவிடும்.

ஒரு நாட்டின் போக்கைச் சொல்ல மூன்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். வேலையின் அளவு கூடியதா குறைந்ததா, வேலையின் வகை மாறியதா, ஒரே வகை வேலைக்கு ஆகும் எரிசக்தி குறைந்ததா. மூன்றாவதுதான் திறன். எஃகு டன்னுக்கு எஃகு டன், தேயிலைக் கிலோவுக்குத் தேயிலைக் கிலோ, குளிரூட்டிய சதுர அடிக்குச் சதுர அடி என்று ஒப்பிட்டால்தான் அது வெளியே தெரியும்.

எங்கள் ஐஸ் கம்பெனியில் சாதாரண மாதத்தில் டன்னுக்கு 60 யூனிட் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் 125 வருகிறது. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? – ஐஸ் கம்பெனி உரிமையாளர், கடலூர் முதுநகர்

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று மாதக் கணக்கே அதைச் சொல்கிறது. 300 டன் போட்ட மாதம் 18,000 யூனிட். 120 டன் போட்ட மாதம் 9,000. தடைக்காலத்தில் 40 டன்னுக்கு 5,000. முதல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 180 டன் கூடியதற்கு 9,000 யூனிட் கூடியிருக்கிறது, அதாவது டன்னுக்கு 50. அப்படியானால் 120 டன்னுக்கு 6,000தான் ஆகியிருக்க வேண்டும். மீதி 3,000 யூனிட், ஒரு பார் ஐஸ்கூடப் போடாவிட்டாலும் ஓடும் நிலைச் செலவு. பிரைன் (ஐஸ் கேன்களைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த உப்புநீர்) கலக்கும் மோட்டார், தண்ணீர் பம்ப், தொட்டிக்குள் புகும் வெயில், விளக்கு எல்லாம் அதில் அடங்கும். 40 டன்னுக்கு 2,000, நிலைச் செலவு 3,000, ஆக 5,000. கணக்கு அப்படியே பொருந்துகிறது. இயந்திரம் அதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாததால் ஐஸ் கேட்க ஆளில்லை, நிலைச் செலவு மொத்தமும் கொஞ்சம் ஐஸ் தலையில் ஏறிவிட்டது.

டன்னுக்கு 50 என்பதும் மோசமில்லை. 30 டிகிரித் தண்ணீரைப் பூஜ்யத்துக்கு இறக்கி, உறைய வைத்து, மைனஸ் 5 வரை கொண்டுபோக ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 470 கிலோ ஜூல் வெப்பம் எடுக்க வேண்டும். டன்னுக்கு அது 130 யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் எடுக்கும் கம்ப்ரசர் என்றால் 43, 44 யூனிட். கேனிலிருந்து ஐஸை விடுவிக்கும்போது உருகும் இழப்பும் பைப் இழப்பும் சேர்ந்து 50 ஆகிறது. தண்ணீர் 5 டிகிரி சூடாக வந்தால் இதற்கு மேல் 4 சதவீதம் கூடும். கோடையில் தொட்டித் தண்ணீருக்கு நிழல் போடுவது அதற்காகத்தான்.

12 மாத ரீடிங்கை ஒரு கிராஃப் தாளில் குறியுங்கள். படுக்கை வாட்டில் டன், நெடுக்கில் யூனிட். புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு நெடுக்கு அச்சைத் தொடும் இடம் நிலைச் செலவு. இனிமேல் எந்த மாதத்தையும் அந்தக் கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும். 200 டன் மாதத்துக்குக் கோடு 13,000 சொல்லும். 14,200 வந்தால் 1,200 யூனிட் எங்கேயோ ஒழுகுகிறது.

ஒழுகும் இடங்களில் முதலாவது, அமோனியா ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சர். முதுநகர் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் குழாயில் படியும். ஆவி குளிரும் வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும். உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்டென்சரிலிருந்து வெளியே வரும் அமோனியா திரவம் 35 டிகிரி என்றால் கேஜ் சுமார் 180 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். 210 காட்டினால் அது 40 டிகிரிக்கு உரிய அழுத்தம். திரவம் குளிர்ந்திருந்தும் அழுத்தம் ஏறி நிற்பது காற்றின் வேலை. காற்றை வெளியேற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற ஆபரேட்டர் மட்டும், முகமூடி போட்டு, குழாய் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் செய்ய வேண்டும். இரண்டாவது, பிரைன் குளிர்ச்சி. மைனஸ் 8 முதல் 10 போதும். 'இன்னும் கொஞ்சம் இறக்கினால் சீக்கிரம் உறையும்' என்று மைனஸ் 14 வரை இறக்கினால், ஒவ்வொரு டிகிரிக்கும் 3 சதவீதம் போல மின்சாரம் கூடுதலாகப் போகும்.

தடைக்காலத்தில் இரண்டு தொட்டியில் ஒன்றை நிறுத்துங்கள், மூடிப் பலகைகளின் இடுக்கை அடையுங்கள். கம்ப்ரசர் மாற்றும் பணத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.

லாஸ்பேட்டை மாணவிக்கும் இந்தக் கணக்கு உதவும். 2020-ல் ஊரடங்கில் உலகமே தடைக்கால ஐஸ் கம்பெனியாக இருந்தது. உற்பத்தி படுத்தது, தெருவிளக்கும் குளிர்பதனக் கிடங்கும் பாதி ஆளோடு ஓடிய ஆலையும் நிற்கவில்லை. அந்த வருடத்தில் எரிசக்திச் செறிவின் முன்னேற்றம் உலக அளவில் சறுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2022 நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் மின்சாரப் பயன்பாடு குறைந்துவிட்டது, மக்கள் சிக்கனம் கற்றுக்கொண்டார்கள் என்று யாழ்ப்பாணத்து உறவினர் சொல்கிறார். அது திறன் கணக்கில் வருமா? – முத்தியால்பேட்டை வாசகர்

பெரும்பகுதி வராது. 2022 மார்ச் கடைசியில் அங்கே ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏற்றினார்கள். படிக்க வேண்டிய பிள்ளை இருட்டில் உட்கார்ந்ததையும், தையல் இயந்திரம் நின்றதையும், மீன் கெட்டதையும் சிக்கனம் என்று எழுதுவது நியாயமில்லை. அதே வெளிச்சம், அதே குளிர்ச்சி, அதே உற்பத்தி குறைந்த யூனிட்டில் கிடைத்தால் மட்டுமே திறன். விலையேற்றத்தால் வாங்கிய எல்.இ.டி. விளக்கும் மாற்றிய மோட்டாரும் மட்டும் இந்தக் கணக்கில் சேரும். கட்டணம் இறங்கிய பிறகும் நிலைப்பவை அவைதான். ஒழுங்கான வேலை அங்கே முன்பே தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கை நிலைபெறுதகு எரிசக்தி அதிகாரசபை 2007-லேயே சட்டம் போட்டு அமைக்கப்பட்டது.

இலங்கையின் எரிசக்திச் செறிவு மேலும் கீழும் ஆடுவதற்கு இன்னொரு காரணம் மழை. சர்வதேசக் கணக்கில் நீர்மின்சாரத்தின் ஒரு யூனிட்டை ஒரு யூனிட்டாகவே எழுதுகிறார்கள். நிலக்கரி மின்சாரம் என்றால் எரித்த நிலக்கரி முழுவதையும் எழுத வேண்டும், அது ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை பொய்த்தால் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தையும் எண்ணெய் இயந்திரங்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. நல்ல மழை பெய்த வருடம் மொத்த எரிசக்தி எண் தானே இறங்கும். அதை யாரும் யாருடைய திறமையாகவும் எழுதக்கூடாது. இலங்கையைப் பற்றிப் பேசும்போது ஐந்து வருடச் சராசரிக்குக் குறைந்து எதையும் பார்க்காதீர்கள்.

கடலூரில் இருக்கும் தங்கைக்கு இந்த முறை 380 யூனிட், எனக்கு 210. நான்தானே சிக்கனம்? – நெல்லித்தோப்பு வாசகி

தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, புதுச்சேரியில் மாதம்தோறும். தங்கைக்கு மாதம் 190 ஆகிறது. தொகையை ஒப்பிடவே வேண்டாம்; அங்கே குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், இரண்டு இடத்திலும் கட்டணப் படிகள் வேறு. யூனிட்டை நாளால் வகுத்து, வீட்டிலுள்ள ஆட்களால் வகுத்துப் பாருங்கள்.

நேபாளத்தில் மின்சார அடுப்புக்கு மாறச் சொல்கிறார்கள். நாமும் மாறினால் எரிசக்தி மிச்சமாகுமா? – பண்ருட்டி வாசகர்

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 293 கிலோ ஜூல் வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வெப்பம் மட்டும் பாத்திரத்தில் ஏறும் மூன்று கல் அடுப்பில் அதற்கு ஏறக்குறைய 150 கிராம் காய்ந்த விறகு எரியும், அது 2,440 கிலோ ஜூல். கேஸ் அடுப்பில் 10 கிராம் கேஸ், அதாவது 470 கிலோ ஜூல். இண்டக்‌ஷன் அடுப்பில் 345 கிலோ ஜூல், யூனிட்டில் 0.1-க்குச் சற்றுக் குறைவு.

நேபாளத்தின் மொத்த எரிசக்தியில் பாதிக்கு மேல் இன்னும் விறகு, சாணம், பயிர்க்கழிவுதான். மின்சாரம் பெரும்பாலும் ஆற்றுநீரில் வருகிறது. அங்கே ஒரு குடும்பம் விறகை விட்டு இண்டக்‌ஷனுக்கு வந்தால் சமையலின் எரிசக்தி ஏழில் ஒரு பங்காகும், அம்மாவின் நுரையீரலும் பிழைக்கும். நேபாளத்தின் செறிவு இறங்க வேகமான வழி ஆலையில் இல்லை, அடுக்களையில்தான் இருக்கிறது.

பண்ருட்டியில் கணக்கு வேறு. உங்கள் வீட்டு மின்சாரம் முழுக்க நிலக்கரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 345 கிலோ ஜூலுக்கு நிலையத்தில் ஆயிரத்துக்கு மேல் எரிய வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம், அந்த ஈரத்தை ஆவியாக்கவே ஒரு பங்கு வெப்பம் போய்விடும். இப்போதைக்குக் கேஸ் அடுப்பு எரிசக்திக் கணக்கில் தோற்காது. காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு ஏற ஏற இந்த முடிவு மாறும். விறகில் சமைப்பவர்கள் மட்டும் எந்தக் கணக்கையும் பார்க்காமல் மாறலாம்.

பாகிஸ்தான், வங்கதேசம், இந்தியா மூன்றில் யாருடைய போக்கு சரி? – திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

மூன்றும் வேறு வேறு கதவைத் தட்டின. பாகிஸ்தான் 2024-ல் மட்டும் ஏறக்குறைய 17,000 மெகாவாட் சூரியத் தகடு இறக்குமதி செய்தது. கூரையில் தகடு ஏறியதும் கம்பி வழியே வாங்கும் மின்சாரம் குறைந்தது. அது திறன் இல்லை. கூரையில் தகடு இருந்தாலும் கீழே 100 வாட் மின்விசிறி 100 வாட்தான் இழுக்கும். தேசிய எரிசக்தித் திறன் ஆணையத்துக்கு அங்கே 2016-ல் சட்டம் வந்தும், மின்விசிறி மாற்றும் வேலை மெதுவாகவே நடக்கிறது.

வங்கதேசம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2013-14-ஐ அடிப்படையாக வைத்து, 2030-க்குள் உற்பத்தி மதிப்புக்கு ஆகும் எரிசக்தியை 20 சதவீதம் குறைப்பதென்று இலக்கை எழுதி வைத்தது. அங்குள்ள ஆடை ஆலைகள் எரிவாயு இயந்திரம் வைத்துத் தாமே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. வாயுவின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மின்சாரமாகும், மீதி புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் போகும். அந்தப் புகையை ஒரு கொதிகலன் வழியே விட்டுச் சாயப்பட்டறைக்கு நீராவி எடுத்தால் அதே வாயுவுக்கு இரண்டு பயன். கடலூர் சிப்காட்டில் ஜெனரேட்டரும் நீராவியும் இரண்டும் வைத்திருக்கும் ஆலைகள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

இந்தியாவின் வெற்றி விளக்கு. எல்.இ.டி. பல்பை அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை 2014-ல் 310 ரூபாய், 2016-ல் 38 ரூபாய். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயிருக்கின்றன. மானியம் இல்லாமல், கொள்முதலின் அளவால் மட்டும் விலையை உடைத்த திட்டம். ஆலைகளுக்கான எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தில் 2012 முதல் 2015 வரை நடந்த முதல் சுற்றில் 478 பெரிய ஆலைகளுக்குத் தனித்தனி இலக்கு கொடுத்தார்கள். டன்னுக்கு டன் ஒப்பிடும் முறை என்பதால் அந்தக் கணக்கை நம்பலாம். ஆனால் மின்விசிறியில் நாம் தாமதித்துவிட்டோம். நட்சத்திர லேபிள் 2006-ல் வந்தது, மின்விசிறிக்கு அது கட்டாயமானது 2023 ஜனவரியில்தான். நாடு முழுக்க இரவெல்லாம் சுற்றும் ஒரு பொருளுக்குப் பதினாறு வருடம் காத்திருந்ததை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

75 வாட் பழைய விசிறியை 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் கொண்ட) விசிறியாக மாற்றினால், தினம் 15 மணி நேரம், வருடம் 300 நாள் ஓடும் வீட்டில் ஒரு விசிறிக்கு 200 யூனிட் மிச்சம். பழைய சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரே சுவிட்சில் இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு ஓட்டினால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் போய்விடும். 'புது விசிறி ஒரு வருடம்கூட வரவில்லை' என்ற புகார்களில் இதுவும் ஒரு காரணம்.

கொழும்பில் அக்கா வீட்டுப் பொருளிலும் ஐந்து நட்சத்திரம், குருசுக்குப்பத்தில் என் வீட்டு ஏ.சி.யிலும் ஐந்து. இரண்டும் ஒன்றா? லேபிளில் இருப்பதைவிட எனக்கு அதிகம் யூனிட் ஆகிறதே? – குருசுக்குப்பம் வாசகி

நட்சத்திரம் அந்தந்த நாட்டு அளவுகோல், அதைக் கடல் தாண்டி ஒப்பிட முடியாது. ஒரே நாட்டிலும் வருடம் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் இந்தியா அளவுகோலை இறுக்கியபோது அதற்கு முந்தைய ஐந்து நட்சத்திர ஏ.சி. நான்காக இறங்கியது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு, லேபிளில் அச்சிட்ட வருட யூனிட்டையும் குளிரூட்டும் திறனையும் பாருங்கள்.

அந்த வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. நீங்கள் தினம் 8 மணி நேரம், 300 நாள் போட்டால் 2,400 மணி நேரம் ஆகிறது. லேபிளில் 760 இருந்தால் உங்களுக்கு 1,140 வருவது இயல்பு. அதற்கும் மேலே போனால் கடற்காற்றைச் சந்தேகியுங்கள். உப்பு படிந்த வெளி யூனிட்டில் தகடுகள் பொடிந்து வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். வாங்கும்போதே செம்புக் குழாயும் உப்பரிப்புத் தாங்கும் பூச்சும் உள்ளதைக் கேளுங்கள். வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

இருக்கும் ஏ.சி.க்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, வெளி யூனிட்டின் தகடுகள் மேல் நல்ல தண்ணீரைப் பூவாளியால் மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். போர் தண்ணீர் கூடாது, அதில் இருக்கும் உப்பு மறுபடி படியும். வண்டி கழுவும் பிரஷர் பம்பும் கூடாது, தகடு மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். ஒயர் பெட்டிப் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, 26 டிகிரியில் வைத்து, விசிறியையும் கூடவே போடுங்கள்.